ஒரு வட்டுக்கு நான்கு பாதைகள்: மல்டிபாத்தும் எல்விஎம்மும் முரண்படும்போது அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கண்டெய்னர் கிடங்கின் சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு லினக்ஸ் சர்வர்கள், சர்வரையும் ஸ்டோரேஜையும் ஒளியிழையால் இணைக்கும் இரண்டு ஃபைபர் சானல் ஸ்விட்சுகள், இரண்டு கன்ட்ரோலர்கள் கொண்ட ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, மூலையில் ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் ஓடும் ஒரு பழைய சர்வர் ஆகியவையே அந்த அறையின் சொத்து. வாயிலில் நுழையும் ஒவ்வொரு லாரியின் பதிவும், எந்தக் கண்டெய்னர் எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்ற கணக்கும் அந்த ஸ்டோரேஜில்தான் உள்ளன. அது அரை மணி நேரம் நின்றால் கிடங்கின் வாயிலில் தொடங்கும் லாரி வரிசை எண்ணூர் விரைவுச் சாலைவரை நீண்டுவிடும் என்பதால், இங்கே எந்தப் பிழையையும் நிதானமாக ஆராய நேரம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கையில் வைத்துக்கொள்வதற்காக நான் எழுதி வந்த குறிப்புகளை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு எச்பிஏ (ஃபைபர் கேபிள் செருகும் அட்டை) போர்ட்டுகள் இருக்கின்றன. ஒன்று முதல் ஸ்விட்சுக்கும் மற்றொன்று இரண்டாம் ஸ்விட்சுக்கும் போகிறது. ஸ்டோரேஜின் ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் இரண்டு ஸ்விட்சுகளுக்கும் ஒவ்வொரு கேபிள் வருகிறது. ஆகவே சர்வரின் ஒவ்வொரு போர்ட்டும் இரண்டு கன்ட்ரோலர்களையும் பார்க்கிறது. ஒரே லன் (ஸ்டோரேஜ் சர்வருக்கு ஒரு வட்டாகக் காட்டும் பகுதி) நான்கு வழிகளில் சர்வரை வந்தடைகிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை ஒரே வட்டாகப் பார்ப்பதில்லை. எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என நான்கு பெயர் சூட்டி நான்கு வட்டுகளாகக் காட்டுகிறது. அந்த நான்குக்கும் உலகளாவிய அடையாள எண் ஒன்றே என்பதைக் கண்டுபிடித்து, அவற்றை எம்பாத்ஏ என்ற ஒரே வரைபடமாக, நம் பேச்சு வழக்கில் ஒரே 'மேப்'பாக, கட்டுவது மல்டிபாத்தின் வேலை. அந்த மேப்பின் மீது பிசிக்கல் வால்யூம், அதன் மீது வால்யூம் குரூப், அதன் மீது லாஜிக்கல் வால்யூம், கடைசியாகக் கோப்பு முறைமை அமர வேண்டும். நடுவில் உள்ள மூன்று வால்யூம் அடுக்குகளையும் நிர்வகிப்பது எல்விஎம்; அது மேப்பை மட்டும்தான் பார்க்க வேண்டும்; அதன் அடியில் உள்ள தனிப் பாதை எதையும் தொடக்கூடாது. நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை, எந்த அடுக்கு எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்பதைச் சரிபார்க்காமல், பெயரை மட்டும் நம்பிக் கட்டளை இட்டதால் வந்தவை. எஸ்டிபி என்பது இன்றைய பெயர். அடுத்த ரீபூட்டில் அது வேறு வட்டைக் குறிக்கலாம். அடையாள எண் மாறாது.

கட்டளைப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

எதையும் தொடும் முன்

'மல்டிபாத் -எல்எல்', 'எல்எஸ்பிஎல்கே', 'பிவிஎஸ்' ஆகிய மூன்று கட்டளைகளின் வெளியீட்டையும் நேரம் குறித்து ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு சம்பந்தப்பட்ட ஸ்டோரேஜில் இல்லாமல் உள் வட்டில் இருக்க வேண்டும். பழுது பார்க்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். முதலில் என்ன இருந்தது என்பதற்கு அந்தக் கோப்பு மட்டுமே சாட்சி.

'மல்டிபாத் -எல்எல்' வெளியீட்டை அவசரத்தில் பலரும் மேலோட்டமாகப் பார்த்துவிடுகிறார்கள். முதல் வரியில் மேப்பின் பெயரும், அதை ஒட்டி அடையாள எண்ணும் இருக்கும். பெரும்பாலான ஃபைபர் சானல் ஸ்டோரேஜ்களில் அந்த எண் 3 என்ற இலக்கத்தில் தொடங்கி மொத்தம் 33 எழுத்துகள் நீளும். அடுத்த வரியில் கொள்ளளவும், 'க்யூ இஃப் நோ பாத்' என்ற பண்பு இருக்கிறதா என்பதும் தெரியும். கீழே பேசப்போகும் ஓர் அறிகுறிக்கு அந்த ஒரு பண்புதான் உயிர். அதற்கும் கீழே பாதைகள் குழு குழுவாக வரும். எந்தக் கன்ட்ரோலர் வழி சிறந்தது என்று ஸ்டோரேஜே சர்வருக்குச் சொல்லும் ஏஎல்யூஏ முறையில் இயங்கும் ஸ்டோரேஜில், லன்னைச் சொந்தமாக வைத்திருக்கும் கன்ட்ரோலரின் பாதைகளுக்கு முன்னுரிமை 50 என்றும், மற்றக் கன்ட்ரோலரின் பாதைகளுக்கு 10 என்றும் காட்டுவது வழக்கம். ஆகவே இரண்டு குழுக்கள், குழுவுக்கு இரண்டு பாதைகள், ஒவ்வொன்றின் எதிரிலும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்ற மூன்று சொற்கள் இருந்தால் எங்கள் அமைப்பில் எல்லாம் நலம். நான்குக்கு மூன்றுதான் தெரிந்தால், பயனர்கள் யாரும் எதையும் உணராவிட்டாலும், அது பழுதுதான்.

அறிகுறி: ஒரே பிசிக்கல் வால்யூம் இரண்டு மூன்று முறை தெரிகிறது, 'டூப்ளிகேட்' என்ற எச்சரிக்கை வருகிறது

'பிவிஎஸ்' கட்டளை, ஒரு பிசிக்கல் வால்யூம் எஸ்டிசியில் இருப்பதாகவும் அதையே ஏற்கெனவே எஸ்டிபியில் கண்டுவிட்டதாகவும் எச்சரிக்கும். அண்மைய எல்விஎம் பதிப்புகள் இந்த நிலையில் அந்த வால்யூம் குரூப்பில் எந்த மாற்றத்தையும் செய்ய மறுத்துவிடுகின்றன. அது நம் நன்மைக்கே. மாற்ற அனுமதிக்கும் அமைப்பைத் திருப்பிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த எச்சரிக்கைக்கு இரண்டு முற்றிலும் வேறான காரணங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்தும் வேறு. 'எஸ்சிஎஸ்ஐ ஐடி' என்ற சிறு கருவியை யூடெவ் (வட்டுகளுக்குப் பெயர் சூட்டும் லினக்ஸ் கூறு) அடைவிலிருந்து இயக்கி, எச்சரிக்கையில் வந்த ஒவ்வொரு எஸ்டி பெயருக்கும் அடையாள எண்ணைக் கேளுங்கள். எண்கள் ஒன்றாக இருந்தால், நீங்கள் பார்ப்பது ஒரே வட்டின் பல பாதைகள். எண்கள் வேறாக இருந்தால், அவை இரண்டு உண்மையான வட்டுகள். யாரோ ஸ்டோரேஜில் நகலோ ஸ்னாப்ஷாட்டோ எடுத்து அதே சர்வருக்கே காட்டியிருக்கிறார்கள். நகலில் எல்விஎம் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து நகலாகிவிடுவதால் எல்விஎம் குழம்புகிறது.

எண்கள் ஒன்றாக இருக்கும்போது, மேப் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உருவாகியிருந்தும் எச்சரிக்கை வந்தால், எல்விஎம் தேவையில்லாத பாதைகளையும் துழாவுகிறது என்று பொருள். 'எல்விஎம்.கான்ஃப்' கோப்பில் மல்டிபாத் உறுப்புகளைத் தானே அறிந்து ஒதுக்கும் அமைப்பு 1 என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் தீராவிட்டால் 'குளோபல் ஃபில்டர்' எழுதுங்கள். அந்த வடிகட்டியில் வரிசை முக்கியம். முதலில் பொருந்தும் விதியே செல்லும். எம்பாத் என்று தொடங்கும் மேப்புகளை ஏற்கும் விதி முதலிலும், இயங்குதளம் இருக்கும் உள் வட்டை ஏற்கும் விதி அடுத்தும், மற்ற அனைத்தையும் மறுக்கும் விதி கடைசியிலும் வர வேண்டும்.

நடுவில் உள்ள அந்த விதியை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். கோப்பைச் சேமித்தேன், சர்வர் எழும்போது முதலில் ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்தேன், சர்வர் மூன்று வாரம் குறையின்றி ஓடியது. அடுத்த பராமரிப்பு இரவில் ரீபூட் செய்தபோது, ரூட் வால்யூம் குரூப்பைக் காணவில்லை என்று சொல்லி அது அவசரக் கன்சோலில் நின்றது. உள் வட்டு அப்படியே இருந்தது. எல்விஎம் அதைப் பார்க்கக்கூடாது என்று நானே தடுத்திருந்தேன். ரெஸ்க்யூ முறையில் ஏறி வடிகட்டியைத் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் கட்டி எழுப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து உள் வட்டை எஸ்டிஏ என்று எழுதாமல், அடையாளப்படி பெயர் தரும் 'பை-ஐடி' அடைவின் வழியாகவே எழுதுகிறேன். வடிகட்டியை மாற்றிய அதே பராமரிப்பு நேரத்துக்குள் ஒரு ரீபூட்டும் செய்து பார்க்கிறேன்.

ரெட் ஹாட் 9 போன்ற அண்மைய இயங்குதளங்களில் இந்த வடிகட்டி வேலையே செய்யாது. அங்கே எல்விஎம் தான் பார்க்க வேண்டிய வட்டுகளின் பட்டியலை 'சிஸ்டம்.டிவைசஸ்' என்ற தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு பயன்பாட்டில் இருந்தால் வடிகட்டி புறக்கணிக்கப்படும். அதை நீக்கிவிடும்படி எல்விஎம்மே அறிவுறுத்தும். அங்கே 'எல்விஎம்டிவைசஸ்' கட்டளைதான் கருவி. இதிலிருந்தே இன்னோர் அறிகுறியும் பிறக்கிறது: வேறு சர்வரில் உருவாக்கிய வால்யூம் குரூப்பைக் கொண்ட லன்னை இங்கே இணைத்தால், மேப் சரியாக வந்திருந்தும் 'பிவிஎஸ்' அதைப் பற்றி மூச்சே விடாது. வட்டு அழிந்துவிட்டதாக எண்ணிப் பதற்றத்தில் 'பிவிகிரியேட்' செய்துவிடாதீர்கள். 'விஜிஇம்போர்ட்டிவைசஸ்' கட்டளை அதைப் பட்டியலில் சேர்த்ததும் தரவு அப்படியே தெரியும்.

இனி, அடையாள எண்கள் வேறாக இருந்த நிலை. இங்கே வடிகட்டி மருந்தாகாது, ஏனெனில் எது மூலம், எது நகல் என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. ஸ்டோரேஜின் மேலாண்மைத் திரையில் நகலின் அடையாள எண்ணைப் பார்த்து, எந்த மேப் அந்த எண்ணைத் தாங்குகிறது என்று உறுதிசெய்து, அந்த மேப்பின் மீது மட்டும் 'விஜிஇம்போர்ட்குளோன்' கட்டளையை இயக்குங்கள். அது நகலின் வால்யூம் குரூப்புக்கும் பிசிக்கல் வால்யூமுக்கும் புதிய அடையாளங்களைத் தருவதால் இரண்டும் ஒரே சர்வரில் மோதாமல் இருக்கும். மூல வட்டின் மீது இதை இயக்கிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் வால்யூம் குரூப்பின் பெயரே மாறிவிடும்; ஆகவே எண்ணை உரக்கப் படித்து, பக்கத்தில் உள்ள ஒருவரைச் சரிபார்க்கச் சொல்வது என் வழக்கம்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் லாஜிக்கல் வால்யூம் மேப்பின் கீழ் இல்லாமல் எஸ்டிபியின் கீழ் இருக்கிறது

ஓசையில்லாமல் இருப்பதால் இதுவே மிக ஆபத்தானது. 'எல்எஸ்பிஎல்கே' மரத்தில் எஸ்டிபியின் அடியில் நேரடியாக லாஜிக்கல் வால்யூம் தொங்கும். எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ மூன்றும் வெறுமையாக நிற்கும். பயன்பாடு ஓடும், பேக்அப் முடியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எஸ்டிபிக்குரிய ஒரு கேபிள் அசைந்த அன்று, மூன்று நல்ல பாதைகள் பக்கத்திலேயே இருக்க, கோப்பு முறைமை நின்றுபோகும்.

சர்வர் எழும்போது மேப் கட்டப்படுவதற்கு முன்பே எல்விஎம் முதலில் தென்பட்ட பாதையைப் பிடித்துக்கொண்டதே காரணம். பிறகு மல்டிபாத் மேப் கட்ட முயலும்போது, வட்டு வேறொருவர் கையில் இருப்பதால் 'ரிசோர்ஸ் பிஸி' என்று தோற்கும். அந்த வரி லாக்கில் இருக்கும். பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் மல்டிபாத் சேர்க்கப்பட்டிருக்காது, அல்லது அதில் உள்ள அடையாள எண் பட்டியல் பழையதாக இருக்கும். இன்னொரு வகையும் உண்டு. 'ஃபைண்ட் மல்டிபாத்ஸ்' அமைப்பு 'யெஸ்' என்று இருக்கும்போது, ஒரு வட்டுக்கு இரண்டு பாதைகளாவது தெரிந்தால்தான், அல்லது அதன் எண் முன்பே 'டபிள்யூடபிள்யூஐடிஸ்' கோப்பில் பதிவாகியிருந்தால்தான் மேப் கட்டப்படும். மின்வெட்டுக்குப் பிறகு ஒரு ஸ்விட்ச் தாமதமாக எழுந்தால், சர்வர் எழும் நொடியில் பாதைகள் குறைவாகவே இருக்கும்.

'மல்டிபாத் -ஏ' கட்டளையால் அடையாள எண்ணைப் பதிவுசெய்து, ரெட் ஹாட் வகையில் 'டிராகட்' கட்டளையை மல்டிபாத் கூறுடன் கட்டாயமாக இயக்கி, டெபியன் வகையில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' இயக்கி, பிறகு ரீபூட் செய்ய வேண்டும். அந்த வால்யூம் குரூப்பில் இயங்குதளம் இல்லை என்றால், பயன்பாட்டை நிறுத்தி, கோப்பு முறைமையைக் கழற்றி, வால்யூம் குரூப்பைச் செயலிழக்கச் செய்து, மேப்பைக் கட்டிவிட்டு மீண்டும் செயல்படுத்தலாம், ரீபூட் தேவைப்படாது. ஆனாலும் அடுத்த ரீபூட்டில் இது திரும்ப வராது என்று சோதித்துப் பார்க்காதவரை நான் இதைச் சரியானதாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அறிகுறி: ஒரு பாதை விழுகிறது, எழுகிறது, மீண்டும் விழுகிறது

எங்கள் பகுதியில் இது அடிக்கடி வருவதற்கு மண்ணும் காற்றும் காரணம். கடலிலிருந்து வரும் உப்புக் காற்று, எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல், நாள் முழுதும் ஓடும் டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதி ஆகிய மூன்றும் சர்வர் அறையின் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வருகின்றன. மல்டிமோட் ஃபைபரின் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது அந்த வட்டம். மூடியில்லாமல் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்த கேபிள் முனையில் ஒட்டிய துகள் ஒன்று போதும், அந்த வட்டத்தின் ஒரு பகுதியை மறைக்க. ஒளி முழுதும் தடைபட்டால் பாதை விழும்; பாதி தடைபட்டால் பாதை விழாமல் ஒவ்வொரு கட்டளையாகப் பிழைபடும். இரண்டாவதுதான் கொடுமை, ஏனெனில் மல்டிபாத்தின் சோதனைக் கட்டளை மிகச் சிறியது; அது தேறிவிடும், பெரிய எழுத்துகள் (வட்டில் எழுதும் கட்டளைகள்) தோற்கும், பாதை மீண்டும் நல்லதென்று அறிவிக்கப்படும்.

ஆகவே பாதையின் நிலையை மட்டும் பார்க்காமல், கர்னலின் 'எஃப்சி ஹோஸ்ட்' அடைவில் உள்ள புள்ளிக் கணக்குகளைப் பாருங்கள். தவறான சிஆர்சி (தரவு பிழையின்றி வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), இணைப்பு முறிவு, ஒளி இழப்பு, ஒத்திசைவு இழப்பு ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனிக் கோப்புகள் உள்ளன. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். ஒரு முறை பார்ப்பதில் பயனில்லை. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து வேறுபாட்டைப் பாருங்கள். சர்வர் பக்கம் எண் ஏறாமல் ஸ்விட்சின் போர்ட் கணக்கில் ஏறினால், சர்வரிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் ஒளியில் குறை. சர்வர் பக்கம் ஏறினால், எதிர்த்திசையில் வரும் ஒளியில் குறை. ஸ்விட்ச் காட்டும் எஸ்எஃப்பி (கேபிள் செருகும் சிறு ஒளிக் கருவி) ஒளி அளவைப் பக்கத்துப் போர்ட்டுகளோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

கேபிளைக் கழற்றும் முன், அந்த எச்பிஏ போர்ட் செல்லும் ஸ்விட்ச் போர்ட்டை முறையாக முடக்குங்கள். விழுந்து எழும் பாதையை ஒரேயடியாக விழச் செய்துவிட்டால், மல்டிபாத் மற்ற இரண்டு பாதைகளில் நிலையாக ஓடும், பயனர்களின் திணறல் அப்போதே நிற்கும். பிறகு அழுத்தினால் துடைக்கும் பேனா வகைத் துடைப்பானால் கேபிளின் இரு முனைகளையும் துடையுங்கள். சட்டை நுனியால் துடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது துகளை இழுத்துக் கண்ணாடியைக் கீறிவிடும், பிறகு கேபிளையே மாற்ற வேண்டியதுதான். துடைத்தும் கணக்கு ஏறினால் முதலில் கேபிள், பிறகு எஸ்எஃப்பி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாமல், கெட்டதை உதிரிப் பெட்டிக்குள் போட்டுவிடுவீர்கள்.

அறிகுறி: எல்லாப் பாதைகளும் போய்விட்டன, பிழை எதுவும் வரவில்லை, எல்லாம் உறைந்து நிற்கிறது

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கிய இரவில் இதை நேரில் சந்தித்தேன். மின்சாரம் போனபோது சர்வர்களும் ஸ்டோரேஜும் வெவ்வேறு யூபிஎஸ்களில் இருந்தன. ஸ்டோரேஜின் யூபிஎஸ் முதலில் தீர்ந்தது. இரவுப் பணியில் இருந்த இளைஞர் அழைத்தார்: "சார், ஸ்கிரீன் அப்படியே நிக்குது சார். எர்ரரும் வரல, உள்ளயும் போகல. பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிடவா?" "எதையும் தொடாதீங்க தம்பி. ஸ்டோரேஜ்ல லைட் எரியுதான்னு மட்டும் பாத்து சொல்லுங்க" என்றேன்.

மேப்பில் 'க்யூ இஃப் நோ பாத்' இருந்தால், எல்லாப் பாதைகளும் விழுந்த பிறகு வரும் எழுத்துகள் தோற்பதில்லை, வரிசையில் காத்திருக்கும். காத்திருக்கும் செயல்முறைகள் 'டி' நிலையில், அதாவது வட்டின் பதிலுக்காகக் காத்து, நிற்கும், அவற்றைக் கொல்லவும் முடியாது. சுமைக் கணக்கு நூறைத் தாண்டும், ஆனால் சிபியூ சும்மா இருக்கும். 'டிஎஃப்' தட்டினால் அந்த ஷெல்லும் உறைந்துவிடும். எல்விஎம் கட்டளைகளும் அப்படியே. ஆகவே இந்த நேரத்தில் 'மல்டிபாத்டி ஷோ பாத்ஸ்' போன்ற கேள்விகளோடு நின்றுகொள்ளுங்கள்.

இங்கே எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: பாதைகள் விரைவில் திரும்புமா, திரும்பாதா? திரும்பும் என்றால் காத்திருப்பதே சரி. அன்று ஜெனரேட்டருக்கு டீசல் வந்து ஸ்டோரேஜ் எழ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது; பாதைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, காத்திருந்த எழுத்துகள் முடிந்தன, தரவுத்தளம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. பவர் பட்டனை அழுத்தியிருந்தால் காத்திருந்தவை அனைத்தும் நினைவகத்தோடு போயிருக்கும். திரும்பாது என்று உறுதியானால், 'மல்டிபாத்டி' வழியாக அந்த மேப்பின் காத்திருப்பை முடக்குங்கள். உடனே எழுத்துகள் பிழையோடு திரும்பும். எக்ஸ்எஃப்எஸ் தன்னை மூடிக்கொள்ளும், ஈஎக்ஸ்டி4 பெரும்பாலும் படிக்க மட்டும் என மாறும். அதன் பிறகு சர்வரை முறையாக இறக்கலாம்.

எல்லையின்றிக் காத்திருப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இரண்டு சர்வர்களும் கிளஸ்டரில் இருந்தால், உறைந்து நிற்கும் சர்வர் பணியை மற்றதற்கு விட்டுக்கொடுக்காது. அங்கே 'நோ பாத் ரீட்ரை' அமைப்புக்கு ஓர் எண் கொடுங்கள். சோதனை இடைவெளி 5 நொடி, எண் 12 என்றால், கடைசிப் பாதை விழுந்து ஏறத்தாழ 60 நொடிக்குப் பிறகு பிழை திரும்பும். எண்ணை மிகக் குறைத்தால், கன்ட்ரோலர் மென்பொருள் புதுப்பிப்பின்போது வரும் சில நொடி இடைவெளிக்கே கோப்பு முறைமை விழுந்துவிடும். உங்கள் கன்ட்ரோலர் பணி மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, அதைவிட இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பாதைகள் திரும்பிய பிறகும் ஒரு பொறி காத்திருக்கும். பல லன்களைக் கொண்ட வால்யூம் குரூப்பில் ஒன்று மட்டும் இன்னும் வராத நேரத்தில் 'விஜிஎஸ்' பார்த்தால், பண்புகளில் 'பி' என்ற எழுத்தும், 'பிவிஎஸ்'இல் பெயர் தெரியாத வட்டும் இருக்கும். அப்போது 'விஜிரெட்யூஸ்' கட்டளையைக் காணாமற்போனவற்றை நீக்கும் விருப்பத்தோடும் கட்டாய விருப்பத்தோடும் இயக்கினால், அந்த வட்டைத் தொட்ட லாஜிக்கல் வால்யூம்கள் அனைத்தும் குறிப்பேட்டிலிருந்தே அழிந்துபோகும். வட்டு தொலைந்துவிடவில்லை, வரத் தாமதமாகிறது, அவ்வளவே. எல்லாப் பாதைகளும் வந்த பிறகும் எல்விஎம் அந்த வட்டைக் காணாமற்போனதாகவே குறித்து வைத்திருந்தால், 'விஜிஎக்ஸ்டெண்ட்' கட்டளையை மீட்டெடுக்கும் விருப்பத்தோடு இயக்குங்கள். யாராவது ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தால், எல்விஎம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு எடுத்து வைத்த குறிப்பு 'ஆர்க்கைவ்' அடைவில் இருக்கும். வட்டில் வேறெதுவும் எழுதப்படாதவரை 'விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர்' அதிலிருந்து மீட்டுத் தரும்.

அறிகுறி: ஸ்டோரேஜில் லன்னைப் பெரிதாக்கியும் பிசிக்கல் வால்யூம் வளரவில்லை

ஒவ்வொரு பாதையையும் தனித்தனியாக ரீஸ்கேன் செய்ய வேண்டும். நான்கில் ஒன்றை மறந்தாலும் மேப் வளராது. நான்கும் புதிய அளவைக் காட்டிய பிறகு 'மல்டிபாத்டி ரீசைஸ் மேப்', அதன் பிறகு 'பிவிரீசைஸ்', அதன் பிறகு 'எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்'. மேப்பின் மீது பார்ட்டிஷன் போட்டு அதில் பிசிக்கல் வால்யூம் வைத்திருந்தால் நடுவில் பார்ட்டிஷனையும் வளர்க்க வேண்டும். அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே நான் முழு லன்னையும் பிசிக்கல் வால்யூமாக்குகிறேன்.

அறிகுறி: மேப்பை நீக்க முடியவில்லை, 'மேப் இன் யூஸ்' என்கிறது

அதன் மீது யாரோ இன்னும் அமர்ந்திருக்கிறார்கள். 'டிஎம்செட்அப்' கட்டளையின் மர வடிவக் காட்சி யார் என்று சொல்லும். பெரும்பாலும் செயலிழக்கச் செய்யாத லாஜிக்கல் வால்யூம். சில நேரம், மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்த லன்னின் உள்ளே இருந்த வால்யூம் குரூப்பை அடியில் உள்ள சர்வரே தானாகச் செயல்படுத்தியிருக்கும்.

நீக்கும் வரிசையில் தவறினால் வரும் விளைவு கடுமையானது. கோப்பு முறைமையைக் கழற்றி, வால்யூம் குரூப்பைச் செயலிழக்கச் செய்து, எல்விஎம்மிலிருந்து வட்டை நீக்கி, 'மல்டிபாத் -எஃப்' கட்டளையால் மேப்பை அகற்றி, நான்கு எஸ்டி பெயர்களையும் கர்னலிலிருந்து அழித்த பிறகே ஸ்டோரேஜில் லன்னை விலக்க வேண்டும். ஸ்டோரேஜில் முதலில் விலக்கிவிட்டு, அதே லன் எண்ணில் புதிய வட்டு ஒன்றைக் கொடுத்தால், பழைய எஸ்டி பெயர்கள் புதிய வட்டைக் காட்டத் தொடங்கும். லன் ஒதுக்கீடு மாறிவிட்டது என்று கர்னல் லாக்கில் ஒரே ஒரு வரி வரும். பழைய மேப்பின் வழியே போகும் எழுத்து புதிய வட்டின் மீது விழும். வரிசை ஏற்கெனவே தவறிவிட்டது, பாதைகள் செத்துவிட்டன என்றால், முதலில் காத்திருப்பை முடக்கி, லாஜிக்கல் வால்யூமை 'டிஎம்செட்அப்' வழியே அகற்றி, அதன் பிறகு மேப்பை அகற்றுங்கள். காத்திருப்பை முடக்காமல் தொடங்கினால் அந்தக் கட்டளையே உறைந்துவிடும்.

அறிகுறி: ஒரு சர்வரில் எம்பாத்ஏ, மற்றதில் அதுவே எம்பாத்சி

எல்விஎம்முக்கு இதனால் கேடில்லை, ஏனெனில் அது தன் தலைப்பில் உள்ள அடையாளத்தைக் கொண்டே வட்டைத் தேடுகிறது. மேப்பின் பெயரை நேரடியாகப் பயன்படுத்தும் தரவுத்தளங்களுக்குத்தான் கேடு. 'மல்டிபாத்.கான்ஃப்' கோப்பில் அடையாள எண்ணுக்கு எதிரே நீங்களே ஒரு பெயர் சூட்டி, இரு சர்வர்களிலும் ஒன்றாக வைத்துவிடுங்கள். ஒரே வால்யூம் குரூப்பை இரு சர்வர்களும் ஒரே நேரத்தில் செயல்படுத்துவது வேறு பிரச்சினை. பூட்டு மேலாளர் இல்லாத இடத்தில் எல்விஎம்மின் 'சிஸ்டம் ஐடி'யை அமைத்து அதைத் தடுக்க வேண்டும்.

பழைய யூனிக்ஸ் சர்வர்களில்

எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் 11i பதிப்பு 3 முதல் பல்பாதை கர்னலிலேயே உண்டு. அதற்கு முன்பு ஒரே வட்டின் இரண்டாவது பெயரையும் 'விஜிஎக்ஸ்டெண்ட்' செய்து மாற்றுப் பாதையாக வைத்திருந்தார்கள். அப்படி வந்த பழைய வால்யூம் குரூப்கள் பழைய பெயர்களிலேயே நிற்பதைக் கண்டால் 'விஜிடிஎஸ்எஃப்' கொண்டு புதிய நிலைப்பெயர்களுக்கு மாற்றிவிடலாம். வெரிடாஸ் வால்யூம் மேனேஜரில் 'யூடிஐடி மிஸ்மேட்ச்' என்று வந்தால், மேலே சொன்ன நகல் வட்டுப் பிரச்சினையே வேறு பெயரில் வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

எங்கள் மூலையில் நிற்கும் ஏஐஎக்ஸ் சர்வரில் வரும் பொதுவான புகார், கேபிளைத் திரும்பச் செருகிய பிறகும் 'எல்எஸ்பாத்' கட்டளை அந்தப் பாதையை 'ஃபெயில்ட்' என்றே காட்டுவது. அந்த எச்டிஸ்க்கின் (ஏஐஎக்ஸ் வட்டுக்குத் தரும் பெயர்) 'எச்செக் இன்டர்வல்' பண்பு 0 என்று இருந்தால் பாதை தானாகச் சோதிக்கப்படாது. ஓடிக்கொண்டிருக்கும் வட்டின் பண்பை உடனே மாற்ற முடியாது என்பதால், 'சிஎச்டெவ்' கட்டளையைப் பெரிய பி விருப்பத்தோடு இயக்கி மதிப்பை 60 என்று குறித்து வைத்தால், அடுத்த ரீபூட்டில் அது நடைமுறைக்கு வரும். அதுவரை 'சிஎச்பாத்' கொண்டு பாதையைக் கையால் இயக்கலாம். அதே நேரத்தில் 'ரிசர்வ் பாலிசி' பண்பையும் பாருங்கள். 'சிங்கிள் பாத்' என்று இருந்தால் வட்டு ஒரே பாதைக்குள் பூட்டப்பட்டிருக்கும். மற்றப் பாதைகள் இருந்தும் பயனில்லை, இரண்டாவது சர்வரும் வால்யூம் குரூப்பைத் திறக்க முடியாது. அதை 'நோ ரிசர்வ்' என மாற்றி, ரீபூட்டுக்குப் பிறகு 'எல்எஸ்பாத்' பட்டியலில் அந்த வட்டின் எல்லாப் பாதைகளும் 'எனேபிள்ட்' என்று வந்திருக்கிறதா எனப் பாருங்கள். 'மிஸ்ஸிங்' என்று ஏதேனும் நின்றால் 'சிஎஃப்ஜிஎம்ஜிஆர்' ஒருமுறை இயக்கி, அப்படியும் வராவிட்டால் ஸ்விட்சின் சோனிங்கில் (எந்தப் போர்ட் எதைப் பார்க்கலாம் என்ற ஒதுக்கீட்டில்) அந்தப் போர்ட் இருக்கிறதா என்று தேடத் தொடங்குங்கள்.